கம்பியில்லாப் பெட்டி

ஒரு வீட்டிற்கு இன்றியமையாதன இவையென நம் முன்னோர் எண்ணியவற்றுள் கிணறும் அடுப்பும் விளக்கும் முன்னின்றன. இக்காலத்தில் அவ்வரிசையில் மற்றொன்றும் வந்து சேர்ந்துள்ளது. சுவரில் ஆணியடித்து மாட்டப்பெற்று, இரவும் பகலும் சிறு விளக்குகளை இமைத்துக்கொண்டிருக்கும் ரவுட்டர் என்னும் பெட்டியே அது. நன்கு இயங்குங்கால் அதனை நினைப்பார் ஒருவருமில்லை. நின்றுவிடின் வீடு முழுவதும் எழுந்து அதன் முன் கூடுகின்றது. நோயாளியைச் சூழ்ந்து நின்று வீட்டார் ஒவ்வொருவரும் தாம் அறிந்த மருந்தைக் கூறுவதுபோல, ஒருவர் அணைத்துப் போடு என்பார். ஒருவர் தட்டிப் பார் என்பார். மற்றொருவர் புதியதொன்று வாங்கிவிடுவோம் என்பார். இப்பெட்டியைத் தேர்ந்து வாங்கும் முறையையும், பழுது நேர்ந்தபோது அது எவ்விடத்தது என்று கண்டறியும் முறையையும், எம் ஊராகிய கம்மாபுரத்தில் யாம் கண்டவற்றைக்கொண்டு ஈண்டுக் கூறப் புகுந்தோம்.

கம்மாபுரம் கடலூர் மாவட்டத்தில் விருத்தாசலத்திற்குக் கிழக்கே அமைந்துள்ளது. ஊராட்சி ஒன்றியமொன்றின் தலைமையிடம். நெய்வேலிச் சுரங்கங்கள் அண்மையில் உள்ளன. நெல்லும் கரும்பும் சூழ்ந்த இவ்வூருக்குச் சுற்றுப்புறச் சிற்றூர் மக்கள் பட்டா, சாதிச் சான்று, வருமானச் சான்று, உதவித்தொகை, கல்லூரி விண்ணப்பம் ஆகிய பலவற்றின்பொருட்டும் வந்துபோகின்றனர். முற்காலத்தில் இத்தகையோர்க்கு மனு எழுதிக்கொடுப்பார் திண்ணைகளில் அமர்ந்திருந்தனர். இன்று அவரிடத்தைக் கணினியும் அச்சுப்பொறியும் வைத்த ஜெராக்ஸ் கடைகள் ஏற்றுள்ளன. அக்கடைகளில் பெட்டி நின்றுவிடின், ஒரு நாட் கூலியை இழந்து பேருந்தேறி வந்தவர் வெறுங்கையுடன் திரும்ப நேரிடும். ஆதலின் யாம் கூறப் புகுந்தது வெறும் பொழுதுபோக்கைப்பற்றிய செய்தியன்று என்பதை அன்பர்கள் மனங்கொள்வார்களாக.

கம்பியின்றிச் செய்தி செலுத்துதல் நம் நாட்டிற்குப் புதியதன்று. 1895ஆம் ஆண்டளவில் ஜகதீச சந்திர போஸ் கல்கத்தாவில், கண்ணுக்குப் புலனாகாத அலைகளைச் சுவர்களினூடே செலுத்தி, அப்பால் இருந்த மணியை ஒலிப்பித்தும் வெடிமருந்தைப் பற்றுவித்தும் காட்டினார். எம் ஊரினின்று மிகு தொலைவில்லாத இடங்களிலும் இத்துறையில் முன்முயற்சிகள் நிகழ்ந்தன. 1998இல் எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் புதுச்சேரியை அடுத்த வில்லியனூரை நடுவிடமாகக் கொண்டு, சிற்றூர்களில் செய்தி நிலையங்களை அமைத்துக் கம்பியில்லாக் கருவிகளால் இணைத்தது. வீராம்பட்டினத்து மீனவர்க்குக் கடலலையின் உயரம் ஒலிபெருக்கியில் அறிவிக்கப்பெற்றது அம்முயற்சியின் பயனே. இந்நூற்றாண்டின் தொடக்கத்தில், எம் மாவட்டத்து நெல்லிக்குப்பம் சர்க்கரை ஆலையைச் சூழ்ந்த ஊர்களில், சென்னை ஐ.ஐ.டி.யில் உருவான கார்டெக்ட் என்னும் கம்பியில்லா முறையால் கரும்பு விவசாயிகளுக்கு இணைய வசதி அளிக்கப்பெற்றது. இன்று நம் வீடுகளிலுள்ள வைஃபையின் முதல் விதிமுறை 1997இல் வெளிவந்தது. அதன் உச்ச வேகம் நொடிக்கு 2 மெகாபிட் மட்டுமே. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இத்தகைய கருவிகளை எவரும் உரிமமின்றிப் பயன்படுத்தலாம் என்று இந்திய அரசு 2005இல் விதி செய்தது. அதன்பின்னரே இப்பெட்டி சாதாரண இல்லங்களுள் தடையின்றி நுழைந்தது.

நிற்க. இப்பெட்டி செய்யும் தொழில் யாது? ஒரு பெரிய கூட்டுக்குடும்பத்திற்குத் தெருவில் ஒரே கதவிலக்கந்தான் உண்டு. தபால்காரர் கடிதங்களையெல்லாம் அவ்வொரு விலாசத்திற்கே கொண்டுவருகின்றார். வாயிலில் அமர்ந்துள்ள பெரியவர், இது மூத்த மருமகளுக்கு, இது சின்னவனுக்கு என்று பிரித்து உள்ளே அனுப்புகின்றார். ரவுட்டரும் அவ்வாறே. வெளியுலகிற்கு நம் வீடு ஒரே எண்ணால் அறியப்படும். வீட்டினுள் உள்ள கைபேசி, கணினி, தொலைக்காட்சி ஒவ்வொன்றிற்கும் பெட்டி தானே ஒரு தனியெண் கொடுத்து, வருவதை உரியவரிடம் சேர்ப்பிக்கின்றது. இவ்வளவே அதன் முதற்றொழில். காற்றில் அலை பரப்புதல் இரண்டாந் தொழில். பழுதுகளுட் பெரும்பாலானவை முதற்றொழிலில் நேர்வனவல்ல. இரண்டாவதிலோ, அன்றி வெளியிலிருந்து வரும் வழியிலோ நேர்வனவாம்.

அலையின் இயல்பை அறிந்தாலன்றிப் பெட்டியைத் தேர்ந்து வாங்குதல் இயலாது. இக்காலப் பெட்டிகள் பெரும்பாலும் இருவகை அலைகளைப் பரப்புகின்றன. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் ஏறக்குறைய 5 அங்குலம். 5 கிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் 2 அங்குலத்திற்குச் சற்று மிகுதி. முன்னது செய்தியை மெதுவாகச் சுமந்தாலும் சுவர்களைக் கடந்து தூரம் செல்லும். பின்னது செய்தியை விரைவாகச் சுமக்கும், ஆயினும் இரண்டு சுவர்களுக்கு அப்பால் சோர்ந்துவிடும். எம் ஊர்ப் பழைய ஓட்டு வீடுகளின் தடித்த சுவர்களும், புதிய வீடுகளின் இரும்புக்கம்பியிட்ட கான்கிரீட் தளங்களும் இவ்வலைகட்குப் பெருந்தடைகளாம். இரும்பு பீரோ, நிலைக்கண்ணாடி, தண்ணீர்த் தொட்டி ஆகியவையும் அவ்வாறே. ஆகவே பெட்டியைத் தொலைக்காட்சி அலமாரிக்குள் ஒளித்துவைப்பார் விளக்கைக் குடத்துள் வைப்பாரையே ஒப்பர்.

எம் உறவினராகிய மாமா ஒருவரின் வீடு தெருத் திண்ணையிலிருந்து கொல்லைப்புறம் வரை நீண்டு செல்வது, நடுவே முற்றம். கண்ணாடியிழைக் கம்பி தெருப்பக்கத்து அறையில் வந்து முடிகின்றது. பெண் படிக்கும் அறையோ கொல்லைப்புறத்தில் உள்ளது. 2020, 2021ஆம் ஆண்டுகளில் பெருந்தொற்றினால் கல்லூரிகள் மூடப்பெற்றிருந்தபோது, அப்பெண் வகுப்பின்பொருட்டு நாடோறும் முற்றத்தோரம் வந்து அமர்ந்து, வெயிலேற வெயிலேற இடம் மாறி மாறிக் கைபேசியைப் பிடித்துக்கொண்டிருப்பாள். மாமா மனம் பொறாது, ஆறு கொம்புகளையுடைய விலையுயர்ந்த பெட்டியொன்றை வாங்கிவந்து பழையதன் இடத்தில் மாட்டுவித்தார். கொல்லை அறையில் நிலைமை சிறிதும் மாறவில்லை.

“இவ்வளவு பணம் கொட்டியும் பயனில்லையே, மாப்பிள்ளை!” என்று அவர் எம்மிடம் வருந்தினார்.

“பெட்டியில் குறையில்லை, மாமா. அது நிற்கும் இடத்திற்கும் பிள்ளை படிக்கும் இடத்திற்கும் இடையே நான்கு சுவர்கள் உள்ளனவே. கொம்பு எத்தனை இருந்தாலும் சுவர் சுவர்தானே?” என்றோம்.

பின்னர் ஒரு நீளமான லேன் கம்பியை வாங்கி, தாழ்வாரத்துக் கூரையோரமாகக் கொல்லை அறைக்குக் கொண்டுசென்று, ஒதுக்கிவைத்திருந்த பழைய பெட்டியை அதன் முனையில் இணைத்தோம். அப்பழைய பெட்டியில் எண் வழங்கும் வேலையை மட்டும் நிறுத்திவிட்டு, அலை பரப்பும் வேலையை வைத்துக்கொண்டோம். ஒரு வீட்டிற்கு வாயிற்பெரியவர் இருவர் இருந்தால் கடிதம் மாறிப்போகும் அன்றோ? கம்பிக்கு ஆன செலவு புதுப்பெட்டியின் விலையில் ஒரு சிறு பகுதியே. அன்றுமுதல் அப்பெண் தன் அறையிலேயே அமர்ந்து பாடங்கேட்டாள்.

ஆகவே வாங்கப் புகுவார் முதலிற் கேட்கவேண்டிய வினா, “எப்பெட்டி சிறந்தது?” என்பதன்று, “எம் வீடு எத்தன்மையது?” என்பதே. ஓரிரண்டு அறைகளேயுள்ள வீட்டிற்கு, இணைப்புத் தருவோர் கண்ணாடியிழையுடன் சேர்த்து மாட்டிச்செல்லும் பெட்டியே பெரும்பாலும் போதும். அதிலேயே வைஃபையும் உண்டு. அஃதிருக்க மற்றொன்று வாங்குதல் வீண். நீண்ட வீட்டிற்கும் மாடி வீட்டிற்கும் விலையுயர்ந்த ஒரு பெட்டியினும், கம்பியால் இணைத்த எளிய இரு பெட்டிகள் மேலானவை. கம்பி இழுக்க இயலாதவிடத்து, ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் மெஷ் வகைப் பெட்டிகளை வாங்கலாம். அலையைப் பெற்று அதே அலைவரிசையில் மீண்டும் பரப்பும் ரிப்பீட்டர் மலிவானதே; ஆயினும் கேட்பதும் சொல்வதும் ஒரே வாயால் நிகழ்தலின் வேகம் பாதியாகக் குறையும்.

அட்டைப்பெட்டியின்மேல் அச்சிட்டுள்ள எண்களைக் கண்டு மயங்குதலும் கூடாது. ஏசி 1200 என்பது 2.4 வரிசையின் 300 மெகாபிட்டையும் 5 வரிசையின் 867 மெகாபிட்டையும் கூட்டி முழுமையாக்கிய தொகை. ஒரு கைபேசி ஒரு நேரத்தில் பொதுவாக ஒரு வரிசையிலேயே இயங்கும். அன்றியும் அவ்வெண்கள் ஆய்வுக்கூடத்துக் கணக்கேயன்றி வீட்டில் கிடைப்பனவல்ல. நாம் மாதந்தோறும் பணங்கட்டுவது 50 மெகாபிட் இணைப்பிற்காயின், பெட்டி எத்துணை வேகமுடையதாயினும் வெளியிலிருந்து வருவது 50க்கு மிகாது. வாய்க்காலில் வரும் நீர் மதகின் அகலத்தால் பெருகுமோ? 100 மெகாபிட்டுக்கு மிகுந்த இணைப்புடையார் மட்டும் ஒன்றைக் கவனிக்கவேண்டும். சில மலிவான பெட்டிகளில் கம்பி செருகும் துளைகள் 100 மெகாபிட்டிற்கு மேல் இடங்கொடா. அவர்கள் கிகாபிட் துளையுள்ளதா என்று கேட்டு வாங்குக. இருவரிசை அலையும் உள்ளதாகவும், டபிள்யூ.பி.ஏ. 2 அல்லது 3 என்னும் காப்புமுறை உள்ளதாகவும், தயாரித்தோர் மென்பொருளைப் புதுப்பித்து வருவதாகவும் இருப்பின் வீட்டிற்கு அதுவே போதும்.

சிறு அலுவலகங்கட்கும் கடைகட்கும் இன்னுமொரு நெறியுண்டு. வாடிக்கைக்காரர் கேட்கும்போது கடையின் பாஸ்வேர்டையே சொல்லிவிடுதல் பலர் வழக்கம். அங்ஙனஞ் செய்தல் கல்லாப்பெட்டி இருக்கும் அறைக்குள் எல்லாரையும் அமரச் செய்தலை ஒக்கும். பெட்டிகள் பலவற்றில் விருந்தினர்க்கெனத் தனி இணைப்பு அமைக்க வழியுண்டு. வந்தவர் அதனைப் பயன்படுத்துக, பில் போடும் கணினி மற்றையதில் இருக்க. கணினியையும் அச்சுப்பொறியையும் இயன்றவரை கம்பியாலேயே இணைத்தல் நன்று. பெட்டி வந்தபோது அதனுட் புகுவதற்கு இருந்த பொதுப் பாஸ்வேர்டை உடனே மாற்றுதலும் வேண்டும்; அதனை அறியாதார் ஒருவருமிலர்.

இனிப் பழுது காணும் முறையைக் கூறுவோம். செய்தி நம்மை அடையும் வழி நான்கு உறுப்புகளை உடையது: வெளியிலிருந்து வரும் கம்பி, பெட்டி, காற்று, கையிலுள்ள கருவி. இவற்றுள் எதில் குறையென்று பிரித்தறிதலே முழு வித்தையும். ஒரு கைபேசியில் மட்டும் வரவில்லையா, எல்லாவற்றிலுமா? ஒன்றில் மட்டுமாயின் குறை அக்கருவியினது. எல்லாவற்றிலுமாயின், கணினியைக் கம்பியாற் பெட்டியோடு இணைத்துப் பார்க்க. கம்பியில் நன்கு வந்து காற்றில் வாராவிடின் குறை காற்றினது: பெட்டியை உயரமான வெட்டவெளியிடத்திற்கு மாற்றுக. அண்டைக் கடைகளெல்லாம் ஒரே சானலில் பேசிக்கொண்டிருப்பின், சந்தையில் பலர் ஒருங்கே கூவுவதுபோல ஒன்றும் விளங்காது. 2.4 வரிசையில் ஒன்றையொன்று தடுக்காத சானல்கள் 1, 6, 11 என மூன்றே. நெருக்கம் குறைந்ததற்கு மாறுக. மைக்ரோவேவ் அடுப்பும் அதே வரிசையிலேயே இயங்குவதாதலின், அதனருகே பெட்டியை வைத்தலாகாது. கம்பியிலும் வாராவிடின் பெட்டியின் விளக்குகளை நோக்குக. எல்.ஓ.எஸ். என்னும் விளக்கு சிவப்பாக எரியின் ஒளி வந்துசேரவில்லை என்பது பொருள். எம் பக்கத்தில் கரும்பேற்றிய டிராக்டர்கள் சாலையின் குறுக்கே தொங்கும் கம்பியை இழுத்துச் செல்லுதலும், அணில் கடித்தலும் உண்டு. அப்போது நாம் செய்யத்தக்கது லைன்மேனுக்குச் சொல்லுதலொன்றே. கண்ணாடியிழையை நாமே மடக்கியும் முறுக்கியும் பார்த்தல் குறையை மிகுவிக்கும்.

இம்முறையின் பயனை யாம் நேரிற் கண்ட ஒரு மாலையைக் கூறுவோம். கம்மாபுரத்தில் பெண்மணி ஒருவர் ஜெராக்ஸ் கடை நடத்தி இரு பிள்ளைகளைப் படிக்கவைத்து வருகின்றார். ஊரார் யாவர்க்கும் அவர் அக்காவே. கல்லூரி விண்ணப்பத்திற்குக் கடைசி நாளன்று மாலை, அண்டைச் சிற்றூரிலிருந்து ஒரு மாணவி தன் தந்தையுடன் வந்திருந்தாள். தந்தை கரும்பு வெட்டும் தொழிலாளி. மதிப்பெண் பட்டியலும் சான்றுகளும் ஏற்றியாயிற்று. பணங்கட்டும் இடத்தில் இணைப்பு அற்றுப்போயிற்று. மீண்டும் வந்தது, மீண்டும் அற்றது. வரிசையில் ஐந்தாறு பேர் காத்திருந்தனர். கடைசிப் பேருந்தைத் தவறவிட்டால் என் செய்வது என்று தந்தை வாயிலையே நோக்கிக்கொண்டிருந்தார். மாணவி ஒன்றும் பேசாமல் திரையைப் பார்த்து நின்றாள்.

அங்கிருந்த இளைஞரொருவர் குண்டூசியை எடுத்து, பெட்டியின் பின்புறத்துச் சிறு துளையில் வைத்து, “அக்கா, ரீசெட் பண்ணிடட்டுமா?” என்றார்.

“வேண்டாம், தம்பி, கொஞ்சம் பொறு” என்று அவரைத் தடுத்தோம். அத்துளையை அழுத்திப் பிடித்தால் பெட்டி தன் நினைவு முழுவதையும் இழந்து புதிதாகிவிடும். இணைப்பிற்குரிய பயனர் பெயரும் பாஸ்வேர்டும் அதனோடு போம். அவ்விரண்டும் கடையில் எழுதிவைக்கப்பெறவில்லை. லைன்மேன் ஒருவரே அறிவார். அவரோ தொலைபேசியில் கிடைக்கவில்லை. அழுத்தியிருந்தால் அன்றைய மாலை முடிந்திருக்கும்.

சிறிது நேரம் விளக்குகளையே நோக்கினோம். வெளிக்கம்பியில் குறையாயின் அதற்குரிய விளக்கொன்றே மாறும். இங்கோ எல்லா விளக்குகளும் ஒருங்கே அணைந்து, ஒருங்கே எரிந்தன. அஃதாவது பெட்டியே உயிரிழந்து மீண்டுகொண்டிருந்தது. காத்திருந்தோர் அனைவரும் தம் கைபேசிகளின் வைஃபையை நிறுத்துமாறு வேண்டினோம். பெட்டி சற்று நீண்டநேரம் நின்றது. சுமை கூடும்போது மின்சாரம் போதவில்லை என்பது விளங்கிற்று. சுவரில் செருகியிருந்த அடாப்டரைத் தொட்டோம். கை வைக்கமுடியாத சூடு. பலவாண்டு வெயிலிலும் வெப்பத்திலும் உழன்று அதன் வலி குன்றியிருந்தது. அதன்மேல் 12 வோல்ட், 1 ஆம்பியர் என்று எழுதியிருந்தது. அடுத்த டீக்கடையின் தொலைக்காட்சி செட்டாப் பெட்டிக்கும் 12 வோல்ட் அடாப்டரே. ஆம்பியர் ஒன்றுக்குக் குறையவில்லை. முனையின் அளவும், கூட்டல் கழித்தல் குறியின் அமைப்பும் ஒத்திருந்தன. அண்ணாச்சியும் மறுக்காமல், ஓடிக்கொண்டிருந்த படத்தை நிறுத்திவிட்டுக் கழற்றிக்கொடுத்தார். செருகியபின் பெட்டி அசையவில்லை. சில நிமிடங்களில் பணமும் கட்டப்பெற்று, விண்ணப்பத்தின் ஒப்புகைத்தாள் அச்சாகி வந்தது. அதனைத் தந்தை இருகையாலும் வாங்கி, நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, மகளுடன் பேருந்திற்கு ஓடினார். அம்மாணவி இப்பொழுது கல்லூரியில் இரண்டாமாண்டு பயில்கின்றாள்.

புதிய அடாப்டருக்கு ஆன செலவு சில நூறு ரூபாய். அக்கா அதற்கு முந்தின வாரந்தான் பெட்டி கெட்டுவிட்டதென்று எண்ணிப் பல்லாயிரம் ரூபாய்க்கு வேறொன்று வாங்கத் தவணை விசாரித்திருந்தார்.

மின்சாரத்தைப்பற்றி மற்றுமொரு சொல். 2011 டிசம்பர் 30ஆம் நாள் தானே புயல் எம் மாவட்டத்தைத் தாக்கியபோது மின்கம்பங்கள் சாய்ந்து ஊர்கள் பலநாள் இருளில் இருந்தன. அத்தகைய பேரிடர் அரிது. இடியும் மின்தடையும் ஆண்டுதோறும் வருவன. ஐப்பசி கார்த்திகையில் இடி முழங்கும்போது அடாப்டரையும், கூரைமேற் செல்லும் லேன் கம்பியையும் கழற்றிவைத்தல் பெட்டியைக் காக்கும். ரவுட்டருக்கென்றே 12 வோல்ட் மின்கலத்துடன் விற்கும் சிறு யு.பி.எஸ். ஒன்றை வைத்தால் மின்சாரம் போனபோதும் சில மணிநேரம் பணி நடைபெறும். கடைக்காரர்க்கு விலையுயர்ந்த பெட்டியினும் இதுவே முதலில் வேண்டுவது.

மாணவ நண்பர்காள்! விடுமுறையில் நீவிர் ஊர் செல்லும்போது உற்றாரும் அயலாரும் இப்பெட்டியைக் காட்டி உம்மிடம் வினவுவர். படித்த பிள்ளைக்கு இது தெரியாதா என்பர். அப்போது புதியது வாங்குக என்று விடையிறுத்தல் எளிது. அவ்வெளிய விடையின் விலையைக் கொடுப்பவர் அவரே. கம்பியா, பெட்டியா, காற்றா, கருவியா என்று வரிசையாகப் பிரித்துப் பாருங்கள். பயனர் பெயரையும் பாஸ்வேர்டையும் ஒரு தாளில் எழுதி, பெட்டி மாட்டியுள்ள அறையில் வீட்டாரின் பத்திரக் கட்டோடு வைத்துவாருங்கள். அடாப்டரின் வோல்ட்டையும் லைன்மேனின் எண்ணையும் அதன்கீழ்க் குறித்துவைப்பின், நீவிர் ஊரில் இல்லாத நாளிலும் அத்தாள் உமக்காகப் பேசும்.